கணக்கு போட்டவரும் பெட்டி விற்றவரும்

1970களின் பிற்பகுதியில், இஸ்ரேலில் கோழிக்கூண்டு செய்துவந்த ஒரு சிறு பட்டறைக்கு எலியாகு கோல்ட்ராட் ஓர் உற்பத்தி அட்டவணை போட்டுக் கொடுத்தார். அவர் படித்தது இயற்பியல். தொழிற்சாலை நிர்வாகத்தில் அவருக்குப் பட்டமும் கிடையாது, அனுபவமும் கிடையாது. ஆனாலும் ஆட்களையோ எந்திரங்களையோ கூட்டாமலேயே கூண்டுகளின் எண்ணிக்கை வெகுவாக ஏறியது. அந்தக் கணக்கு ‘ஓ.பி.டி.’ என்ற பெயரில் மென்பொருளாகி, கிரியேட்டிவ் அவுட்புட் என்ற நிறுவனத்தின் வழியாக அமெரிக்க ஆலைகளுக்குப் போனது.

விற்பனை நடந்தது, சிக்கலும் கூடவே வந்தது. மென்பொருளின் உள்கணக்கு ரகசியம். ஆலைக்குக் கிடைத்தது அட்டவணை மட்டுமே: இன்று இந்த எந்திரத்தில் இந்த வேலை, அந்த எந்திரம் சும்மா நிற்கட்டும். எந்திரம் சும்மா நிற்பதைக் குற்றமாகவே பார்த்துப் பழகிய மேற்பார்வையாளர் இதை எப்படி ஏற்பார்? காரணத்தைப் புரியவைக்க கோல்ட்ராட் ஒரு நாவலே எழுதினார். ஜெஃப் காக்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய ‘தி கோல்’ 1984இல் வெளிவந்தது. அதன் பிறகு நடந்ததை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். நாவலை மட்டும் படித்து, மென்பொருளே வாங்காமல், அதிலிருந்த யோசனையைத் தங்கள் ஆலையில் செய்துபார்த்தவர்கள், பெரும் பணம் கொடுத்து மென்பொருள் வாங்கியவர்களைவிட வேகமாகவும் நன்றாகவும் பலன் கண்டார்கள். மென்பொருளை நிறுவும் வேலையே, மாற்ற வேண்டியதை மாற்றவிடாமல் ஆலையின் கவனத்தைத் தின்றுவிடுகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். பிறகு அந்தத் தொழிலை விட்டு விலகி, மென்பொருளுக்குப் பதில் சிந்தனை முறையைக் கற்பிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார்.

தன் சரக்கைவிடத் தன் புத்தகமே மேல் என்று ஒப்புக்கொண்ட நிறுவனர்கள் இந்தத் துறையில் அதிகம் இல்லை. விநியோகச் சங்கிலி மென்பொருளின் வரலாற்றை நான் அவரிடமிருந்து தொடங்க இதுதான் காரணம். இந்தத் தொழிலில் கணக்கு ஒருவருடையதாகவும் கடை இன்னொருவருடையதாகவும் இருப்பது வழக்கம். சில நேரம் இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும். நிறுவனங்களின் விளம்பரக் கையேடுகள் நிறுவனரின் படத்தையும், பக்கத்தில் ஆலோசகர் குழுவிலுள்ள பேராசிரியர்களின் படங்களையும் போடுகின்றன. கணக்குக்குச் சொந்தக்காரர் ‘இது இந்த எல்லைக்குள்தான் செல்லும்’ என்று சொன்னாரா, சொன்ன எச்சரிக்கை வாடிக்கையாளரின் காதுவரை போனதா என்பது எந்தக் கையேட்டிலும் இருக்காது. இந்தத் துறையின் வெற்றிகளிலும் விபத்துகளிலும் பெரும்பகுதி அங்கேதான் தீர்மானமாகியிருக்கிறது என்பது என் கணிப்பு.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு வாங்குவது லாபம் என்ற சூத்திரத்தை ஃபோர்டு ஹாரிஸ் 1913இலேயே எழுதிவிட்டார். தொழிற்சாலை, கிடங்கு, கடை என்று அடுக்கடுக்காகச் சரக்கு தேங்கும்போது எந்த அடுக்கில் எவ்வளவு வைப்பது என்ற கடினமான கேள்விக்கு, ஆண்ட்ரூ கிளார்க்கும் ஹெர்பர்ட் ஸ்கார்ஃபும் 1960இல் முதல் தெளிவான விடையைத் தந்தார்கள். அது பல ஆண்டுகள் ஆய்விதழ்களுக்குள்ளேயே கிடந்தது. ஆலைகளுக்குள் நுழைந்தது வேறொன்று. 1964இல் ஜோசப் ஓர்லிக்கி வடிவமைத்த எம்.ஆர்.பி., அதாவது மூலப்பொருள் தேவைத் திட்டமிடல். நூறு டிராக்டர் வேண்டுமென்றால் எத்தனை சக்கரம், எத்தனை திருகாணி, எந்த வாரத்தில் என்று அது பின்னோக்கிக் கணக்கிடும். அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எந்திரங்களின் கொள்ளளவுக்கு வரம்பே இல்லை என்று அது எடுத்துக்கொண்டது. ஒரு நாளைக்கு 40 சக்கரம் மட்டுமே செய்யக்கூடிய பட்டறைக்கு 90 சக்கரம் கேட்டு ஆணை போடும். கூச்சலும் கெஞ்சலுமாக மீதியை மனிதர்கள் சமாளித்தார்கள்.

அந்த ஓட்டைக்குள்தான் ஐ2 டெக்னாலஜிஸ் நுழைந்தது.

சஞ்சீவ் சித்து ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்து, ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் சேர்ந்தார். ஒரு தொழிற்சாலையின் நிலவரம் முழுவதையும் எந்த மேலாளராலும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க முடியாது, கணினியால் முடியும் என்பது அங்கே அவருக்கு உறுதிப்பட்டது. 1988இல் கென் சர்மாவுடன் சேர்ந்து டல்லஸில் இன்டலெக்‌ஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஐ2 என்பது பின்னால் வந்த பெயர். அவர்களுடைய ‘ரிதம்’ மென்பொருள் மூலப்பொருளையும் எந்திரக் கொள்ளளவையும் ஒன்றாக வைத்துக் கணக்கிட்டது. 40 சக்கரம் செய்யும் பட்டறைக்கு 40தான் என்று சொல்லி, எந்த வாடிக்கையாளருக்கு எப்போது தர முடியும் என்பதை அதிலிருந்து வகுத்தது. மின்னணுத் தொழிலும் எஃகுத் தொழிலும் அதை விரும்பி வாங்கின. எம்.ஆர்.பி.யோடு மல்லாடியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

1996இல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. அதற்குப் பின் கணக்கின் வேகத்தை முந்திக்கொண்டு கடை ஓடியது. 2000 மார்ச்சில், ரோமேஷ் வாத்வானி தொடங்கிய ஆஸ்பெக்ட் டெவலப்மென்ட் நிறுவனத்தை ஏறத்தாழ 930 கோடி டாலர் மதிப்புக்கு வாங்குவதாக ஐ2 அறிவித்தது. கைமாறியது ரொக்கம் இல்லை, உச்சத்தில் இருந்த சொந்தப் பங்குகள். மென்பொருள் துறையில் அதுவரை நடந்த மிகப் பெரிய கையகப்படுத்தல்களில் அது ஒன்று. அறிவிப்பு வந்த அதே மாதத்தில்தான் தொழில்நுட்பப் பங்குகளின் சரிவும் ஆரம்பித்தது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நைக்கி நிறுவனம் ஐ2வின் பெயரை ஊரறியச் சொன்னது, பாராட்டுவதற்காக அல்ல. புதிய தேவைத் திட்டமிடல் முறையில் ஏற்பட்ட குளறுபடியால் அந்தக் காலாண்டில் சுமார் 10 கோடி டாலர் விற்பனை போய்விட்டது என்றது. 40 கோடி டாலர் கொடுத்ததற்கு இதுதானா நமக்குக் கிடைத்தது என்று அதன் தலைவர் ஃபில் நைட் கேட்டது வணிகப் பள்ளிகளில் இன்றும் பாடம். பிறகு வந்த விவரிப்புகளின்படி, விற்காத ரகக் காலணிகளுக்கு ஆணைகள் குவிந்தன, விற்கக்கூடிய ஜோர்டன் ரகங்களுக்கு ஆணைகள் குறைந்தன. நைக்கி தன் பழைய கணினி அமைப்புகளோடு புதியதை ஒட்டவைக்க அளவுக்கு மீறி மாற்றங்கள் செய்துகொண்டது. கோடிக்கணக்கான பொருள் எண்களின் பாரத்தில் மென்பொருள் திணறியது. தாங்கள் பரிந்துரைத்த நடைமுறையை நைக்கி பின்பற்றவில்லை என்று ஐ2 பதில் சொன்னது.

யார் பக்கம் நியாயம் என்ற விசாரணையைப் பலரும் செய்துவிட்டார்கள். ‘உங்களிடம் இருக்கும் தரவுக்கு இந்தக் கணக்கு இப்போது பொருந்தாது, ஓராண்டு பொறுங்கள்’ என்று நைக்கியிடம் சொல்லியிருக்க வேண்டியவர் யார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காலாண்டு இலக்கோடு ஓடும் விற்பனையாளரிடம் அதை எதிர்பார்ப்பது வீண். பொறியாளர்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவர்கள் கையெழுத்திடும் இடத்தில் இல்லை. எல்லை தெரிந்தவருக்கு, தடுத்து நிறுத்தும் அதிகாரமும் இருந்திருக்க வேண்டும்.

இது வெறும் நிர்வாகக் குறைபாடு இல்லை என்பதற்குச் சட்ட ஆவணமே இருக்கிறது. 2003இல் ஐ2 தன் பழைய ஆண்டுகளின் கணக்குகளைத் திருத்தி வெளியிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துடன் சமரசமாகி, குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும் 1 கோடி டாலர் அபராதம் கட்டியது. தேவையான செயல்பாடுகள் முழுமையாகச் சேராத மென்பொருள்களுக்கும் உரிமக் கட்டணம் முழுவதையும் விற்ற உடனேயே வருமானமாகக் காட்டிக்கொண்டது என்பது ஆணையத்தின் புகார்களில் ஒன்று. இன்னும் முடியாத கணக்கு முடிந்த சரக்காகப் பேரேட்டில் ஏறியது என்று பொருள். 2001இல் மட்டும் நிறுவனம் காட்டிய நஷ்டம் 700 கோடி டாலருக்கும் மேல். ஆஸ்பெக்டுக்குக் கொடுத்த விலையை மதிப்பிறக்கம் செய்ததே அதில் பெரும்பங்கு.

பேராசிரியர்கள் பக்கம் கதை வேறு விதமாகப் போனது. கிளார்க்–ஸ்கார்ஃப் எழுப்பிய அடுக்குக் கேள்வி 1990களில் கணினியின் பலத்தோடு மீண்டும் உயிர்பெற்றது. மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யில் ஸ்டீபன் கிரேவ்ஸும் அவருடைய ஆய்வு மாணவர் ஷான் வில்லம்ஸும் பாதுகாப்புக் கையிருப்பை எந்த அடுக்கில் வைப்பது என்பதற்கு எழுதிய கட்டுரை 2000இல் வந்தது. வில்லம்ஸ் ஆப்டியன்ட் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். இங்கே ஆலோசகர் என்பவர் பல்கலைக்கழகத்தில் மாணவரை வழிநடத்திய நெறியாளரேதான். இந்தத் துறையில் இந்த உறவு அடிக்கடி தென்படும்.

அவர்களுடைய மாதிரியில் ஒரு துணிச்சலான அனுமானம் உண்டு. ஒவ்வொரு அடுக்கும் அடுத்த அடுக்குக்கு, இத்தனை நாளில் தந்துவிடுவேன் என்று உறுதிகொடுக்கிறது. தேவை ஒரு வரம்புக்குள் இருக்கும்வரை அந்த உறுதி காப்பாற்றப்படும். வரம்பைத் தாண்டினால்? அதைக் கையிருப்பு பார்த்துக்கொள்ளாது. கூடுதல் நேர வேலை, விமானச் சரக்கு, வாடிக்கையாளரிடம் மன்னிப்பு என்று வேறு வழிகளில்தான் சமாளிக்க வேண்டும். கட்டுரை இதை ஒளிக்கவில்லை, முதலிலேயே எழுதிவைத்துவிட்டுத்தான் கணக்குக்குள் போகிறது. நல்ல ஆய்வுக் கட்டுரையில் எல்லைதான் முதலில் வரும், பலன் பிறகு. விற்பனைக் கையேட்டில் பலன் மட்டும் நிற்கும்.

இன்னொருவர் ஸ்ரீதர் தாயூர். சென்னை ஐ.ஐ.டி.யில் 1986இல் இயந்திரப் பொறியியல் முடித்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று கார்னெகி மெலனில் ஆசிரியரானார். பால் கிளாசர்மேனுடன் அவர் 1995இல் எழுதிய கட்டுரை, கொள்ளளவு வரம்புள்ள பல அடுக்குச் சங்கிலியில் கையிருப்பு அளவைச் சற்றே கூட்டினால் அல்லது குறைத்தால் செலவு எவ்வளவு அசையும் என்பதை, ஒரே கணினிப் பாவனை ஓட்டத்திலிருந்து கணக்கிடும் முறையைக் காட்டியது. அதுவரை ஒவ்வொரு அளவுக்கும் பாவனையைத் தனித்தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. 2000இல் பிட்ஸ்பர்கில் ஸ்மார்ட்ஆப்ஸ் நிறுவனத்தை அவரே தொடங்கினார். ஆலோசகராக ஒதுங்கி நின்று பெயர் மட்டும் கொடுக்காமல், கணக்கையும் கடையையும் ஒரே கையில் வைத்துக்கொண்டார்.

அவரது முக்கிய வாடிக்கையாளர்களில் ஒன்று ஜான் டியர் நிறுவனத்தின் புல்வெட்டும் எந்திரப் பிரிவு. புல்வெட்டிகள் பருவம் பார்த்து விற்பவை. வசந்தத்திலும் கோடையிலும் விற்பனை, மற்ற மாதங்களில் முகவர்களின் கொட்டகைகளில் தூக்கம். ஆலையை ஆண்டு முழுக்கச் சமமாக ஓட்டுவதற்காகச் சரக்கை முகவர்களிடம் தள்ளிவிடுவது பழைய பழக்கம், தூங்கும் சரக்குக்கு ஆகும் செலவைப் பெரும்பாலும் டியரே சுமந்தது. எந்த முகவரிடம் எந்த வாரத்தில் எத்தனை எந்திரம் இருந்தால் போதும் என்று ஸ்மார்ட்ஆப்ஸ் கணக்கிட்டது. 2005இல் நிறுவனத்தாரும் தாயூரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையின்படி, கையிருப்பில் ஏறத்தாழ 100 கோடி டாலர் குறைந்தது அல்லது கூடாமல் தவிர்க்கப்பட்டது. ஆலைகளிலிருந்து குறித்த நேரத்தில் கிளம்பிய சரக்கின் பங்கு 63 சதவீதத்திலிருந்து 92க்கு உயர்ந்தது. விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை என்பதை நினைவில் வைத்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

எனக்கு அந்தக் கட்டுரையில் எண்களைவிடப் பெரிதாகத் தெரிவது, டியர் மாற்றிக்கொண்ட மற்ற விஷயங்கள். குறைந்த சரக்கோடு இருக்க முகவர்களைச் சம்மதிக்கவைக்க வேண்டும் என்றால், கேட்டவுடன் அனுப்புவோம் என்ற வாக்கைக் காப்பாற்ற வேண்டும். அதற்கு ஆலை தன் உற்பத்தி முறையை மாற்ற வேண்டும். அதற்கு ஆலை மேலாளரை எதைக்கொண்டு மதிப்பிடுகிறோம் என்பதே மாற வேண்டும். கணக்கு இதற்கெல்லாம் ஒரு சாக்காகவும் சாட்சியாகவும் நின்றது. கோல்ட்ராட் நாவல் எழுதிச் செய்ய முயன்றதை இங்கே ஒரு பேராசிரியர் எண்களோடு கூட்டத்தில் உட்கார்ந்து செய்தார்.

புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 2011இல் வெளியிட்ட தன் அனுபவக் கட்டுரையும் இதே திசையில் இருக்கிறது. அதை எழுதியவர்களில் வில்லம்ஸும் ஒருவர். 2009இல் 150 கோடி டாலர் மிச்சம் என்பது அதன் தலைப்புச் செய்தி. உள்ளே போனால், கையிருப்புக் கருவிகளைப் பயன்படுத்திய பிரிவுகளில் 70 சதவீதத்துக்குப் போதுமானதாக இருந்தது ஒற்றை அடுக்குக் கருவிதான். பேராசிரியர்களின் பல அடுக்கு மாதிரி மீதி 30 சதவீதத்துக்கு மட்டும். அந்த மிச்சத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுவதும் கருவியின் துணையோடு திட்டமிடுபவர்கள் முன்னின்று நடத்திய முயற்சி. நுணுக்கமான கணக்கைக் கண்டுபிடித்தவரே, பெரும்பாலான இடங்களில் எளிய கணக்கு போதும் என்று கையெழுத்திட்ட கட்டுரை அது. விற்பனைக்கு வந்த ஆலோசகர் யாரும் எளிதில் சொல்லிவிடாத செய்தி.

பெயரை மட்டும் கடன் கொடுக்கும் ஆலோசகர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டுக்கு இரண்டு கூட்டம், கொஞ்சம் பங்கு, கையேட்டில் ஒரு படம். ஓய்வுபெற்ற கொள்முதல் தலைவர்கள் தங்கள் பழைய நிறுவனத்தின் கதவைத் திறந்துவிடுவார்கள். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு அதுவும் பெரிய உதவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்து மென்பொருளின் தரத்தை அளக்க முடியாது.

இந்த நிறுவனங்களில் பல இன்று தனிப் பெயரோடு இல்லை. ஆப்டியன்டை 2010இல் லாஜிலிட்டி வாங்கியது, ஸ்மார்ட்ஆப்ஸை 2013இல் எஸ்.ஏ.பி. வாங்கியது. ஐ2வை 2010இல் ஜே.டி.ஏ. எடுத்துக்கொண்டது, விலை 39.6 கோடி டாலர். பத்தாண்டுகளுக்கு முன் ஆஸ்பெக்டுக்குத் தரச் சம்மதித்ததில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஜே.டி.ஏ. 2018இல் ப்ளூ யாண்டர் என்ற ஜெர்மானிய நிறுவனத்தை வாங்கியது. அதைத் தொடங்கிய மைக்கேல் ஃபைன்ட், துகள் இயற்பியல் பேராசிரியர். துகள் மோதல் தரவுக்காக உருவாக்கிய புள்ளியியல் முறையைக் கடைகளின் விற்பனைக் கணிப்புக்குத் திருப்பியவர். ஒற்றை எண்ணாகக் கணிப்பைச் சொல்லாமல், நிகழ்தகவுப் பரவலாகச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 2020இல் ஜே.டி.ஏ. தன் பெயரையே ப்ளூ யாண்டர் என்று மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டு 850 கோடி டாலர் மதிப்பீட்டில் பானசோனிக் அதை முழுமையாகத் தனதாக்கியது. சித்துவும் ஓய்ந்துவிடவில்லை. ஐ2வில் உடனிருந்த சக்ரி கோட்டிமுக்கலாவோடு 2009இல் ஓ9 சொல்யூஷன்ஸைத் தொடங்கி, அதே சந்தையில் ப்ளூ யாண்டரோடு போட்டியிடுகிறார்.

இப்படிக் கைமாறும்போது ஒன்று நடக்கிறது. பேராசிரியர் விலகிப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்புகிறார், அவருடைய அனுமானம் மென்பொருளுக்குள் ஓர் அமைப்புப் பெட்டியின் இயல்பு மதிப்பாகத் தங்கிவிடுகிறது. பத்தாண்டு கழித்து அந்தத் திரையின் முன் உட்காரும் திட்டமிடுபவருக்கு, சேவை இலக்காக 95 சதவீதம் என்ற எண் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாது. கேட்பதற்கு ஆளும் இருக்காது.

அனுமானம் இப்படி மறைந்துபோவதற்கு எதிர்த்திசையில் போனவர் டேவிட் சிம்சி-லெவி. தன் மனைவி ஈடித்தோடு சிகாகோவில் லாஜிக்டூல்ஸை நடத்தி, 2007இல் ஐலாக் நிறுவனத்துக்கு விற்றார். அடுத்து ஐ.பி.எம். ஐலாகையே வாங்கிவிட்டது. பிறகு அவர் எம்.ஐ.டி.யிலிருந்து ஃபோர்டு கார் நிறுவனத்துக்குச் செய்துகொடுத்த வேலையை 2014, 2015இல் வெளியிட்டார். நிலநடுக்கமோ தீ விபத்தோ எந்தச் சப்ளையரை எப்போது தாக்கும் என்ற நிகழ்தகவு யாருக்கும் தெரியாது. தெரிந்ததுபோலப் பாவனை செய்யும் கணக்குகளை அவர் ஒதுக்கினார். ஒரு சப்ளையர் முடங்கினால் மீண்டெழ எத்தனை வாரம் ஆகும் என்று மட்டும் கேட்டு, அத்தனை வாரமும் அவர் இல்லாவிட்டால் ஃபோர்டுக்கு எவ்வளவு இழப்பு என்று பார்த்தார். முதல் அடுக்கில் மட்டும் சுமார் 1,400 சப்ளையர்கள், 4,400 உற்பத்தி இடங்கள். ஃபோர்டு அதிகம் பணம் கொடுக்கும் இடத்துக்கும் அதிக ஆபத்துள்ள இடத்துக்கும் தொடர்பே இல்லை என்று தெரியவந்தது. சில ரூபாய்க் கணக்கில் வரும் பாகங்களைச் செய்பவர்கள் முடங்கினாலே ஃபோர்டுக்குப் பெரும் இழப்பு வரும் என்ற நிலை, ஆனால் கொள்முதல் துறையின் கண்காணிப்பு விலையுயர்ந்த பாகங்களின் மேலேயே இருந்தது.

ஆறே ஆண்டுகளில் அந்த ஆபத்து நிஜமானது. 2020 பெருந்தொற்றின் தொடக்கத்தில் கார் நிறுவனங்கள் சிப்களுக்கான ஆணைகளைக் குறைத்தன. அந்த உற்பத்தி இடத்தை மடிக்கணினிகளும் கைபேசிகளும் பிடித்துக்கொண்டன. கார் விற்பனை திரும்பி வந்தபோது சிப் வரவில்லை. 2021 மார்ச் 19 அன்று ஜப்பானின் ஹிட்டாச்சிநாகா நகரிலுள்ள ரெனெசாஸ் சிப் ஆலையில் தீப்பிடித்தது. ஏப்ரலில், இரண்டாம் காலாண்டில் திட்டமிட்ட உற்பத்தியில் பாதியளவு போய்விடும் என்று ஃபோர்டு முதலீட்டாளர்களுக்கு அறிவித்தது. மலிவான பாகமும் வண்டியை நிறுத்தும் என்று சொன்ன மாதிரி அந்த நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. ஆனால் அதன் சொல்லைக் கேட்டுக் கூடுதல் சிப்களை முன்கூட்டியே வாங்கிவைத்தால், செலவு இந்தக் காலாண்டின் கணக்கில் ஏறும், பலன் எந்தக் காலாண்டில் வரும் என்று தெரியாது. அந்தக் கையெழுத்தைப் போடும் மேசை ஆலோசகருடையதும் இல்லை, மென்பொருள் நிறுவனருடையதும் இல்லை.